"தெரிந்துதானே செய்தான்?": 17 வயதுப் பையனை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது

பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் கொலை வழக்கிலோ பாலியல் வன்கொடுமை வழக்கிலோ பிடிபட்டான் என்று செய்தி வந்தால், படிக்கிறவர் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "தெரிந்துதானே செய்தான்?" அப்புறம் அடுத்தது: "பெரிய ஆள் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டு, தண்டனைக்கு மட்டும் சின்னப் பையனா?" இந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் வேறு எந்தக் கேள்வி எழும்?

இந்தியாவில் 2016 முதல் இந்தக் கேள்வி சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இளைஞர் நீதிக் குழுமம் என்ற மூன்று பேர் கொண்ட ஒரு குழு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பையனின் அடுத்த இருபது வருடத்தையே தீர்மானிக்கிற அந்தப் பதிலை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

சட்டம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரத்தில் பிடிபட்டவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவனுக்கு 18 நிறைய ஏறக்குறைய ஆறு மாதம் பாக்கி. அப்போது நடைமுறையில் இருந்தது 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். அதன்படி அவனை இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்து, 2013 ஆகஸ்ட் 31 அன்று சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வைக்க உத்தரவிட்டது. அந்தச் சட்டத்தில் அதற்கு மேல் போக இடமில்லை. நாடே கொதித்தது.

அந்தக் கொதிப்புக்கு நடுவிலும் நிதானமாக யோசித்தவர்கள் இருந்தார்கள். டெல்லி சம்பவத்துக்குப் பிறகு சட்டத் திருத்தங்களை ஆராய அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில், சிறார் வயதை 18இலிருந்து குறைக்க வேண்டாம் என்றது. வயதைக் குறைக்கக் கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையிலும் 2014 மார்ச்சிலும் ஏற்கவில்லை. புதிய மசோதாவைப் பரிசீலித்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் 16 வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்பும் யோசனையை எதிர்த்தது. ஆனாலும் 2015 மே 7 அன்று மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையில் அது காத்துக் கிடந்தபோது, டிசம்பர் 20 அன்று டெல்லி வழக்கின் அந்தப் பையன் மூன்று ஆண்டு முடித்து வெளியே வந்தான். டிசம்பர் 22 அன்று மசோதா நிறைவேறிவிட்டது. இரண்டே நாள். 2016 ஜனவரி 15 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

16 என்ற எண் அன்று புதிதாக முளைத்ததும் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16, பெண் பிள்ளைகளுக்கு 18 என்றுதான் இருந்தது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட பிறகு, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 என்றாக்கியது. இன்னும் பின்னால் போனால், குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதலில் வந்தது நம் ஊரில்தான். சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம், 1920. வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகே வந்தன. பிள்ளையைப் பெரியவர்களின் சிறையில் போடக்கூடாது என்ற எண்ணத்துக்கு இங்கே நூறு வருட வயதாகிறது.

சரி, 2015ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

18 வயது நிறையாத எல்லோரும் முதலில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தப்படுவார்கள். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே என்றால் எவ்வளவு பெரிய குற்றமானாலும் விஷயம் அங்கேயே முடியும், அதிகபட்சம் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு. 16 நிறைந்து 18 நிறையாதவன் மேல் 'கொடுங்குற்றம்' சுமத்தப்பட்டால்தான் 15ஆவது பிரிவு வருகிறது. அதன்படி குழுமம் 'முதல்நிலை மதிப்பீடு' நடத்தி, அவனைத் தானே வைத்துக்கொள்வதா, பெரியவரைப் போல விசாரிக்கச் சொல்லிக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும். அந்த நீதிமன்றம் பெரும்பாலும் மாவட்டத்தின் செஷன்ஸ் கோர்ட்டுதான்.

எது கொடுங்குற்றம் என்பதில்தான் முதல் சிக்கல். குற்றம் எவ்வளவு கொடூரமாக நடந்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அந்தப் பிரிவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கொலைக்கு இருக்கிறது, பாலியல் வன்கொடுமைக்கு இருக்கிறது. கொலையாகாத மரண விளைவிப்புக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் குறைந்தபட்சம் என்று எதுவும் இருக்கவில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது 7 ஆண்டை எட்டவில்லை. 2016இல் டெல்லியில் 18 நிறைய நான்கே நாள் இருந்த ஒரு பையன் மெர்சிடிஸ் காரை ஓட்டி ஒருவரைக் கொன்ற வழக்கில், 2020 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது: குறைந்தபட்சத் தண்டனை இல்லாத குற்றம், அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 'கடுமையான குற்றம்' என்ற நடு வகையில்தான் வரும். அவனைப் பெரியவராக விசாரிக்க முடியாது. 2021இல் சட்டத்தைத் திருத்தி நாடாளுமன்றமும் இதை எழுதி வைத்துவிட்டது.

புனேயில் 2024 மே 19 அதிகாலை போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொறியாளர்கள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்த வழக்கு அது. அந்தப் பையனைப் பெரியவராக விசாரிக்கக் கேட்ட காவல்துறையின் மனுவைக் குழுமம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தபோது, பணக்கார வீட்டுப் பையன் என்பதால்தான் என்று பலர் பேசினார்கள். 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பார்த்தால், ஏழை வீட்டுப் பையன் அதே காரை ஓட்டியிருந்தாலும் சட்டத்தின் பதில் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வேறொரு பக்கத்திலிருந்து பாருங்கள். யாரோ கொடுத்த பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வரும் 16 வயதுப் பையனிடம் 20 கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்தால், அது வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. அவன் செய்தது கொடுங்குற்றம். காரை ஓட்டி இரண்டு உயிர் போனது இந்த வாசலுக்கே வராது, கூலிக்குப் பை தூக்கியது வந்துவிடும். எந்தப் பையன் கையில் கார் சாவி இருக்கும், எந்தப் பையன் கையில் அந்தப் பை இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

காதல் வழக்குகளும் இதே வாசலில்தான் வந்து நிற்கின்றன. 17 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் ஊரை விட்டுப் போய்விட்டால், பெண் வீட்டார் கொடுக்கும் புகார் போக்சோ வழக்காகிறது. உறவு இருந்ததாகத் தெரிந்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 10 ஆண்டு. 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதத்துக்குப் போக்சோவில் இடமில்லை. ஆகவே இவனும் சட்டத்தின் கண்ணில் கொடுங்குற்றம் செய்தவன். சென்னை உயர் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்துக் கவலைப்பட்டுச் சட்டத்தைத் திருத்தச் சொன்னது.

வாசலைத் தாண்டிய பிறகுதான் மதிப்பீடு. குழுமம் பார்க்க வேண்டியவை நான்கு: அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல் திறன், மனத் திறன், அதன் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், அது நடந்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலை. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்துத் தரும் சமூகப் பின்னணி அறிக்கை ஒன்று வரும். உளவியலாளரின் அறிக்கை ஒன்று வரும். பையன் குழுமத்தின் முன்னால் உட்கார்ந்து பேசுவான்.

இந்த நான்கும் 'தெரிந்துதானே செய்தான்' என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. நல்ல உடல்வாகு, புத்தி சுமாராக இருக்கிறது, கொலை செய்தால் ஜெயிலுக்குப் போவோம் என்று சொல்லத் தெரிகிறது, அனுப்பிவிடலாம். குருகிராமில் 2017இல் ஒரு பள்ளிக்குள் 7 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டு, அதே பள்ளி மாணவன் ஒருவன் பிடிபட்ட வழக்கு இப்படித்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. குழுமம் செய்த மதிப்பீடு போதாது, அறிக்கைகளைப் படித்துப் பார்க்கப் பையன் தரப்புக்குச் சரியான வாய்ப்பும் கிடைக்கவில்லை என்று கூறி, மதிப்பீட்டை மறுபடி செய்யச் சொல்லியிருந்தது உயர் நீதிமன்றம். 2022 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனத் திறன் வேறு, விளைவைப் புரிந்துகொள்வது வேறு என்றது. விளைவு என்பது கைதாவதோடு முடிவதில்லை. செத்தவரின் குடும்பத்துக்கு என்ன ஆகும், தன் வீட்டுக்கு என்ன ஆகும், பத்து வருடம் கழித்துத் தனக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் சேரும். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றும் சொன்னது. சட்டத்தில் அது 'பெறலாம்' என்றுதான் இருந்தது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நிபுணர் வந்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? வளரிளம் பருவத்தைப் பற்றிய உளவியல் ஆய்வுகள் பல வருடங்களாகச் சொல்லிவரும் ஒரு விஷயம் இருக்கிறது. 16 வயதுக்காரன் அமைதியாக உட்கார்ந்து யோசித்தால், ஏறக்குறைய பெரியவர்களைப் போலவே யோசிப்பான். கூட்டாளிகள் சுற்றி நிற்கும்போது, கோபமோ வெறியோ தலைக்கேறும்போது, பின்வாங்குவதில்தான் அவன் பெரியவர்களிடமிருந்து மிகவும் வேறுபடுகிறான். அவசரத்தை அடக்கி வைக்கும் மூளையின் முன்பகுதி முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். இப்போது மதிப்பீடு நடக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் அறை, ஒரு மேசை, எதிரே பொறுமையாகக் கேள்வி கேட்கும் ஒருவர். கூட்டாளிகள் யாரும் இல்லை. கைதாகிப் பல வாரங்கள் ஆகியிருக்கும். அவன் தெளிவாகப் பதில் சொல்வான். அந்தத் தெளிவு இன்றைய அவனைப் பற்றியது. சம்பவம் நடந்த ஐந்து நிமிடத்தில் அவன் தலைக்குள் என்ன ஓடியது என்பதை அளக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பான். நிறுத்த முடிந்ததா என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் எந்த அறிக்கையிலும் இருக்காது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இந்த மதிப்பீடு விசாரணை அல்ல என்று சட்டமே விளக்கம் கொடுக்கிறது. அதாவது, அவன் செய்தானா இல்லையா என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் குற்றம் நடந்த சூழ்நிலையைப் பற்றிப் பேச வேண்டும். "நான் செய்யவே இல்லை" என்று சொல்பவனிடம் எதைக் கேட்பது? 18 வயது வரை பிள்ளைக்குத் தீய எண்ணம் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. குருகிராம் வழக்கிலேயே முதலில் கைதானவர் பள்ளிப் பேருந்தின் நடத்துநர். அவருக்குத் தொடர்பில்லை என்று ஆன பிறகுதான் சி.பி.ஐ. அந்த மாணவனைப் பிடித்தது. பிடிபட்டவன்தான் செய்தவன் என்ற நம் அவசர நம்பிக்கை எத்தனை ஆபத்தானது என்பதற்கு அந்த வழக்கே போதும்.

பிள்ளையின் முதிர்ச்சியை அளப்பது இந்தியச் சட்டத்துக்குப் பழக்கம்தான். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலேயே, 7 வயதுக்குக் கீழே குற்றமே இல்லை என்றும், 7 முதல் 12 வரை புரிகிற முதிர்ச்சி இல்லையென்றால் குற்றமில்லை என்றும் இருந்தது. அந்த அளவுகோல் பிள்ளையை விடுவிக்க வந்தது. அதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்து, பெரியவர்கள் பக்கம் தள்ளப் பயன்படுத்தியது 2015ஆம் ஆண்டுச் சட்டம்.

வயதே சரியாகத் தெரியாத வீடுகளில் இதெல்லாம் இன்னும் சிக்கல். பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை. கையைத் தலைக்கு மேல் போட்டு மறுபக்கக் காதைத் தொட்டதும் வாத்தியார் ஏதோ ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்ட தலைமுறை நம்முடையது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத குடும்பங்களில் அப்படி வந்த தேதி இன்றும் இருக்கிறது. எலும்புப் பரிசோதனையில் இரண்டு வருடம் வரை முன்பின் ஆகலாம். 15க்கும் 17க்கும் நடுவே ஒரு வாழ்க்கையே மாறுகிற இடத்தில் இரண்டு வருடம் சின்ன விஷயமில்லை.

குழுமம் அனுப்பிவிட்டாலும் கதை முடிந்துவிடாது. இது பலருக்கும் தெரியாத பகுதி. 19ஆவது பிரிவின்படி குழந்தைகள் நீதிமன்றம், இவனைப் பெரியவராக விசாரிக்கத்தான் வேண்டுமா என்று தானும் ஒரு முறை பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் குழுமத்தைப் போலவே நடத்தி முடிக்கலாம். இதைச் சடங்காகச் செய்யக்கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. பெரியவராக விசாரித்துத் தண்டித்தாலும் மரண தண்டனை கிடையாது, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறைக்கு அனுப்பாமல் 'பாதுகாப்பு இடம்' என்று சொல்லப்படும் தனி இல்லத்தில் வைக்க வேண்டும். வேலூர் காகிதப்பட்டறையில் அப்படி ஒன்று இருக்கிறது. அங்கே படிப்பு, தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் தரவேண்டும். 21 ஆனதும் நீதிமன்றம் மறுபடி அவனைப் பார்க்கும். திருந்தியிருக்கிறான் என்று தோன்றினால், பாக்கித் தண்டனை எத்தனை வருடம் இருந்தாலும், நிபந்தனையோடு வெளியே விடலாம். இல்லையென்றால் மிச்சத்தைக் கழிக்கச் சிறை.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் நல்ல பகுதி இந்த 21 வயதுப் பரிசீலனைதான். 16 வயதில் அவன் யார் என்று ஊகிப்பதைவிட, ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு 21 வயதில் அவன் யார் என்று சொல்வது எவ்வளவோ நேர்மையானது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் இல்லத்துக்குள் ஏதாவது நடக்க வேண்டுமே. 2022 டிசம்பர் 31 அன்று வழக்கில் பிடிபட்ட சிறார்களை விசாரணைக் காலத்தில் வைக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில், திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுப் பையன் இறந்தான். அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது. பிள்ளையைத் திருத்தும் இடம் அவனைக் கொல்லும் இடமாக ஆகியிருக்கும்போது, எந்தக் கோர்ட் என்ற விவாதத்தை மட்டும் நடத்திக்கொண்டிருப்பது எனக்கு வலிக்கிறது.

பெரியவராக விசாரிப்பதால் இன்னொன்றும் போகிறது. குழுமம் முடிக்கும் வழக்கில் பழைய பதிவுகள் அழிக்கப்படும், வேலைக்கோ படிப்புக்கோ அது தடையாகக்கூடாது. 16 தாண்டிப் பெரியவராகத் தண்டிக்கப்பட்டவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. போலீஸ் சரிபார்ப்பு கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அது வந்து நிற்கும்.

பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்பினால் குற்றம் குறையுமா? இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. 1899இல் சிகாகோவில் உலகின் முதல் சிறார் நீதிமன்றங்களில் ஒன்றைத் தொடங்கிய அதே நாடு, 1990களில் பயத்தில் மாநிலம் மாநிலமாகச் சட்டத்தை இறுக்கி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்பியது. அங்கே நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆதரவில் இயங்கிய நிபுணர் குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2007இல் சொன்ன முடிவு: அப்படி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்து மேலும் வன்முறையில் ஈடுபடுவது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பின்னர் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே பின்வாங்க ஆரம்பித்தது. 2005இல் 18 வயதுக்குக் கீழ் செய்த குற்றத்துக்கு மரண தண்டனையை ரத்து செய்தது, 2012இல் விடுதலையில்லா ஆயுளைக் கட்டாயத் தண்டனையாக விதிப்பதை ரத்து செய்தது.

பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், பிடிபட்டவனுக்கு 18 நிறையவில்லை. ஆனால் முதல்நிலை மதிப்பீடு நடக்கவே இல்லை, வழக்கு நேராக செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போய், தண்டனையும் ஆகிவிட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்ன படிகளைத் தாண்டி நடந்த விசாரணை செல்லாது என்று தண்டனையை ரத்து செய்து அவனை விடுவித்தது. எத்தனையோ வருடம் கோர்ட்டுக்கு நடந்த அந்தச் சிறுமியின் பெற்றோருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது? மதிப்பீட்டைப் பொறுமையாகச் செய்யச் சொல்வது குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைப்பவர்கள் அந்தப் பெற்றோரை நினைக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டியதற்கு விலை கொடுத்தது அவர்கள்தான்.

முதல்நிலை மதிப்பீட்டை முடிக்க மூன்று மாதம் என்று சட்டம் வைத்த கெடு வளையாத ஒன்றல்ல என்று 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. நிபுணர் அறிக்கை வரத் தாமதமானால் காரணத்தோடு நீட்டிக்கலாம். ஆகவே குழுமங்கள் அவசரப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே ஒரு சந்திப்பில் எழுதிய அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம், வீட்டுக்குப் போகாமலே எழுதிய பின்னணி அறிக்கையை ஏற்க மறுக்கலாம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் குழுமமே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து.

அதே தீர்ப்பு மேல்முறையீட்டுக்கான கெடுவையும் தெளிவாக்கியது. 15ஆவது பிரிவின் கீழ் குழுமம் எடுத்த முடிவு எதுவானாலும், பாதிக்கப்பட்டதாகக் கருதும் எந்தத் தரப்பும் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகலாம். குழுமத்துக்கு அறிக்கை கொடுத்தவர் அல்லாத வேறு உளவியலாளரை வைத்து அந்த நீதிமன்றம் மறுபடி பார்க்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத பெற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அவரிடம் முதலில் கேட்டு வாங்கச் சொல்ல வேண்டியவை இரண்டு: சமூகப் பின்னணி அறிக்கையின் நகல், உளவியல் அறிக்கையின் நகல். உத்தரவு வந்த நாளிலிருந்து 30 நாள் ஓட ஆரம்பித்துவிடும்.